கேமரா முன்னால் சொல்லும் 'சரி'

2006-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி. லண்டனில் பிபிசி தொலைக்காட்சி நிலையத்தின் வரவேற்பறையில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். பெயர் கை கோமா. கொங்கோ நாட்டிலிருந்து வந்தவர். கணினிப் பிரிவில் தரவுகளைச் சரிபார்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். அன்றைக்கு அதற்கு நேர்முகத் தேர்வு. அதே கட்டடத்தின் இன்னொரு வரவேற்பறையில் கை கியூனி என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளர் உட்கார்ந்திருந்தார். நேரலைச் செய்தியில் பேச வேண்டியவர் அவர்தான். அவரை அழைத்துப் போக ஓடி வந்த ஊழியர் போய்ச் சேர்ந்ததோ கோமா இருந்த இடத்துக்கு. "நீங்கள்தானே கை?" "ஆமாம்." தமிழில் எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆள் அப்படியே கை மாறிப் போய்விட்டார்.

மிச்சத்தை நீங்கள் காணொளியாகப் பார்த்திருப்பீர்கள். முகத்துக்குக் கொஞ்சம் மேக்கப், சட்டையில் மைக், எதிரே கேமரா. செய்தி வாசிப்பாளர் அவரைத் தொழில்நுட்ப நிபுணர் என்று அறிமுகப்படுத்துகிறார். அந்த நொடியில் கோமாவின் கண் விரிகிறது, வாய் திறக்கிறது, ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிடுகிறார். அன்று ஆப்பிள் கணினி நிறுவனத்துக்கும், பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. தீர்ப்பு உங்களுக்கு ஆச்சரியமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். ரொம்ப ஆச்சரியம் என்கிறார். அவருக்கு இருந்த ஆச்சரியம் வேறு! ஆனாலும் அடுத்தடுத்த கேள்விகளுக்கு மரியாதையாக, தன்னால் முடிந்த அளவு பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பிறகு உண்மையான நேர்முகத் தேர்வுக்கும் போனார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது அடுத்த சில நாளில் நடந்தது. அவர் யார் என்று சரியாக விசாரிப்பதற்குள் பத்திரிகைகள் அவரை டாக்சி ஓட்டுநர் என்று எழுதிவிட்டன. நிபுணரை அழைத்து வந்த டாக்சிக்காரர் தவறி ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார் என்று கதை. வேலை தேடி வந்த ஒரு பட்டதாரி. லண்டனில் ஒரு கறுப்பு மனிதர் என்றதும் டாக்சி ஓட்டுநராகத்தான் இருப்பார் என்று யாரோ ஒருவர் மனதுக்குள் முடிவு பண்ணியிருக்கிறார். ஸ்டூடியோவில் நடந்தது அவசரத்தில் வந்த குழப்பம். இதை அப்படிச் சொல்லிவிட முடியுமா?

விடுதியில் இந்தக் காணொளி சுற்றி வந்த இரவு என் அறை நண்பன் கேட்டான், "அவரு ஏன்டா நான் அந்த ஆளு இல்லைன்னு எழுந்து வரல?" நல்ல கேள்விதான். ஆனால் கோமாவின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். வேலை கேட்டு வந்திருக்கிறீர்கள். அந்த இடத்துக்காரர்கள் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முன்னால் வேகமாக நடக்கிறார்கள். இதுவும் தேர்வில் ஒரு பகுதியாக இருக்குமோ என்று தோன்றாதா? நம்மில் எத்தனை பேர் உபகாரச் சம்பள நேர்காணலில், புரியாத கேள்விக்கும் "ஆமாங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறோம்? கொடுக்கிற இடத்தில் இருப்பவர் கேட்கும்போது, வாங்குகிற இடத்தில் இருப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது 'சரி'தான்.

அந்த 'சரி'யைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். சாதாரண மனிதர் ஒருவர் கேமரா முன்னால் வந்து நிற்க ஒத்துக்கொண்டால், அவர் உண்மையில் எதற்கு ஒத்துக்கொள்கிறார்?

இந்தக் கேள்வியை ஒரு நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. 1996-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் நடந்தது. ஜூலை 27 அதிகாலை, பூங்காவில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, ரிச்சர்ட் ஜுவல் என்ற காவலாளி ஒரு பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையைக் கவனித்தார். போலீசிடம் சொன்னார், சுற்றியிருந்தவர்களை நகரச் சொன்னார். குண்டு வெடித்தது. ஒரு பெண் இறந்தார். படம் பிடிக்க ஓடி வந்த துருக்கி நாட்டு ஒளிப்பதிவாளர் ஒருவர் மாரடைப்பில் இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஜுவல் மட்டும் அந்தப் பையைப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ.

மூன்று நாள் அவர் கதாநாயகன். தொலைக்காட்சிகள் கூப்பிட்டன, போய்ப் பேசினார். மூன்றாம் நாள், எஃப்பிஐ இவரைத்தான் சந்தேகிக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று சிறப்புப் பதிப்பு போட்டது. அதற்குப் பிறகு அவர் தாயாரோடு வசித்த வீட்டு வாசலில் கேமராக்கள் முகாம் போட்டன. அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை, கைது இல்லை. ஆனால் நாய்க்குட்டியை நடக்கக் கூட்டிப்போனாலும் அது செய்தி. வீட்டைச் சோதனை போட்டவர்கள் அவருடைய தாயாரின் டப்பர்வேரைக்கூட எடுத்துப் போனார்கள். (நம் வீட்டு அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வழக்கின் முழுக் கொடுமையும் அப்போதுதான் புரியும்.) 88 நாள் கழித்து, நீங்கள் விசாரணைக்கு இலக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2003-இல்தான் பிடிபட்டான். 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஜுவல் 2007-இல் இறந்தார். வயது 44. 2019-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இவருடைய கதையைப் படமாக எடுத்தார்.

கதாநாயகன் சந்தேக நபரானதும், பிறகு அந்தச் சந்தேகம் நீங்கியதும்தான் படத்தின் கதை. எனக்கு முக்கியமாகப் பட்டது, அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் நடந்தது. ஜுவல் அந்தப் பத்திரிகை மேல் அவதூறு வழக்கு போட்டார். அமெரிக்கச் சட்டத்தில் சாதாரண ஆளுக்கு ஓர் அளவுகோல், 'பொது மனிதருக்கு' இன்னோர் அளவுகோல். பொது மனிதர் என்றால் வழக்கில் ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம். ஜுவல் எந்த வகை? 2001-இல் ஜார்ஜியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான். குண்டு வெடித்த நாட்களில் இவர் பேட்டிகள் கொடுத்தார், தன் விருப்பத்தோடு பொது விவாதத்துக்குள் வந்தார், ஆகவே அந்த விஷயத்தைப் பொறுத்தவரை இவர் பொது மனிதர். கடைசியில், அவர் இறந்த பிறகு, வழக்கு பத்திரிகைக்குச் சாதகமாகவே முடிந்தது.

சட்டப்படி இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அடுத்தவர் பேச்சுக்குப் பயந்து பத்திரிகைகள் வாயை மூடிக்கொண்டால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் மனசாட்சிப்படி பார்த்தால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டதற்குத்தான் அவர் சரி சொன்னார். "என் வாழ்க்கையைப் பிரித்துப் போடுங்கள்" என்று கேட்டதற்கு இல்லை. முதல் 'சரி'யை எடுத்து இரண்டாவது கேள்விக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள்.

எங்கள் துறையில் உத்திரத்துக்கும் பாலத்துக்கும் 'வடிவமைப்புச் சுமை' என்று ஒன்று உண்டு. இவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டுவோம். ஐந்து டன்னுக்குக் கட்டிய பாலத்தில் இருபது டன் லாரியை ஏற்றி அது உடைந்தால், பாலத்தை யாரும் குறை சொல்வதில்லை. மனிதர் சொல்லும் 'சரி'யும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சொல்கிறபோது என்ன தெரியுமோ அந்த அளவுக்குத்தான் அது தாங்கும்.

எங்கள் அத்தையின் கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். அத்தை தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறார். 2021 டிசம்பர் 18 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஷா ஆலமில் அந்தத் தாமானில் ஜனங்கள் ராத்திரி முழுக்கக் கூரை மேலேயும் மாடியிலும் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்து, நாங்கள் நான்கைந்து பேர் சேறு அள்ளப் போன நாளில் ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. நிருபர் இருபத்தைந்து வயதுப் பெண், ரொம்பப் பணிவு. "ஆன்ட்டி, இரண்டு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டுத்தான் உள்ளே வந்தார். அத்தையும் சரி என்றார். சேற்றை வாரியலால் தள்ளும் காட்சியில் வெளிச்சம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை தள்ள முடியுமா என்று கேட்டார்கள். அத்தை தள்ளிக் காட்டினார். நான் முறைத்ததைப் பார்த்து, "விடு தம்பி, அந்தப் புள்ளையும் வேலைக்குத்தானே வந்திருக்கு" என்றார்.

ஏழெட்டு நிமிஷம் பேசியிருப்பார். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவை மூன்று பேர் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனது, குழாயில் இன்னும் தண்ணீர் வராதது, குப்பை லாரி மெயின் ரோட்டோடு திரும்பிப் போனது, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் நிருபர், வீட்டில் காப்பாற்ற முடியாமல் போனது ஏதும் உண்டா என்று கேட்டார். இறந்துபோன மாமாவின் படங்கள் இருந்த ஆல்பம் போய்விட்டது. அத்தை அதுவரை அழவில்லை. அப்போதுதான் உடைந்துபோய், தனக்குத் தெரிந்த மலாயில், "செமுவா ஹாபிஸ், செமுவா ஹாபிஸ்" என்றார்.

ராத்திரிச் செய்தியில் வந்தது அது மட்டும்தான். பத்து விநாடி இருக்கும். சீனத் தாத்தா இல்லை, குப்பை லாரி இல்லை. மறுநாளே யாரோ அந்தப் பத்து விநாடியைப் புலனத்தில் ஸ்டிக்கராக வெட்டிவிட்டார்கள். அழுகிற முகம், கீழே 'செமுவா ஹாபிஸ்'. கல்யாண வீட்டில் பிரியாணி தீர்ந்தால் அந்த ஸ்டிக்கர். மாசக் கடைசியில் பிடிபிடிஎன் பணம் தீர்ந்தால் அந்த ஸ்டிக்கர். அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, எங்கள் வகுப்புக் குழுவிலேயே ஒருவன் அதைப் போட்டான். அது என் அத்தை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அத்தைக்கு எது வலித்தது என்று நான் நினைத்ததும், அவர் சொன்னதும் வேறு வேறாக இருந்தன. அழுததற்கு அவர் வெட்கப்படவில்லை. "அன்னிக்கு நான் யாரோ குடுத்த நைட்டில இருந்தேன் தம்பி. தலைகூட வாரல. என் அடுப்படி இருந்த கோலத்தை ஊரே பார்த்துருச்சு." முப்பது வருஷமாக, வெளி ஆள் வந்தால் வரவேற்பறையைத் தாண்டிவிடாமல் அடுப்படியைப் பளபளவென்று வைத்திருந்தவர் அவர். அந்தச் சேற்றை அவர் பண்ணவில்லை. ஆனாலும் ஊர் பார்த்தது அவருடைய அடுப்படியைத்தான். பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்து அத்தைக்குச் சுற்றிப் போட்டார். இயந்திரவியல் படிக்கிறவன் இதற்குச் சிரிக்க வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில், பார்வைக்கும் ஒரு பாரம் உண்டு என்ற அறிவு இருப்பதாக எனக்கு அன்றைக்குப் பட்டது. லட்சக்கணக்கான கண் ஒரே முகத்தின் மேல் விழுந்தால் அந்தப் பாரத்தை எதால் அளப்பது?

இதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு கிள்ளானிலிருந்து முன்பின் தெரியாத ஒரு சீன அம்மா விசாரித்துக்கொண்டு வந்து, வாஷிங் மெஷின் ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. பத்து விநாடி இல்லாவிட்டால் அந்த மெஷின் இல்லை. அதோடு, அந்த வாரம் மீட்புப் பணி தாமதமானது பற்றி நாடே கேள்வி கேட்டதென்றால், அதற்குக் காரணம் அத்தையைப் போன்றவர்கள் கேமரா முன்னால் வந்து பேசியதுதான். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் அமைச்சர்களின் குரல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

சில நேரம் சாதாரண மனிதருக்குக் கேமராவைத் தவிர வேறு ஆயுதமே கிடையாது. 2014 மார்ச்சில் எம்எச்370 காணாமல் போனபோது நான் ஆறாம் ஆண்டு மாணவன். சிப்பாங்கில் செய்தியாளர் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் சீனப் பயணிகளின் உறவினர்கள் சிலர் பதாகையோடு அறைக்குள் நுழைந்தார்கள். கூப்பிட்டு யாரும் வரவில்லை, உலகம் பார்க்கட்டும் என்று அவர்களே வந்தார்கள். சில நிமிஷத்தில் கேமராக்கள் அவர்களை நாலா பக்கமும் நெருக்க, கதறிய ஒரு பெண்மணியைப் பாதுகாவலர்கள் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அப்பா டிவி ஒலியைக் குறைத்துவிட்டார். ஆனால் டிவியை அணைக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். அந்த உறவினர்கள் பார்க்கச் சொன்னது பதாகையை. எனக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பது அந்தப் பெண்மணியின் முகம். பதாகையில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பெரியவனான பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாம் ஆண்டில் நம் எல்லோருக்கும் கட்டாயப் பாடம் ஒன்று உண்டே, 'ஃபால்சாஃபா டான் இசு செமாசா'. காலை எட்டு மணி வகுப்பு, பாதிப் பேர் தூக்கம். அதில் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் பற்றி வந்தது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்பது அவர் கருத்து. எங்கள் விரிவுரையாளர் 'மட்டும்' என்ற சொல்லைப் பலகையில் இரண்டு தடவை அடிக்கோடிட்டார். அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது நினைத்தால் எல்லாமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. நிருபருக்கு அத்தை ஒரு கருவிதான், வெள்ளத்தின் கொடுமையைக் காட்ட ஒரு முகம் வேண்டும். அதில் தப்பில்லை. கடைக்காரருக்கு நானும் எனக்குக் கடைக்காரரும் கருவிதான். ஆனால் சீனத் தாத்தாவையும் குப்பை லாரியையும் வெட்டிவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொண்டபோது, பேசத் தெரிந்த ஒரு பெண்மணி அழத் தெரிந்த முகமாக மட்டும் ஆகிவிட்டார். ஸ்டிக்கர் செய்தவர் அதையும் தாண்டிப் போனார். அவருக்கு அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது.

ஆகவே, 'சரி' வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் வைத்துக் கேட்டோமா, இது எங்கே போய்ச் சேரும் என்று சொன்னோமா, பிறகு மனசு மாறினால் திரும்பப் பெற வழி இருக்கிறதா? அத்தைக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நிருபரை மட்டும் இதற்குப் பழி சொல்லவும் மனசு வரவில்லை. எது ஓடும் என்று அவருடைய அலுவலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே. குப்பை லாரி பற்றிய விளக்கத்தை எத்தனை பேர் பகிர்ந்திருப்போம்?

தொலைக்காட்சி பெரிய இடம், நமக்கு எட்டாது என்று விட்டுவிடலாம். நம் கையிலேயே கேமரா இருக்கிறதே! தீபாவளிக்கு முன் பிபிஆர் அடுக்குமாடிகளுக்குப் போய், பி40 குடும்பங்களுக்கு அன்பளிப்புக் கூடை கொடுக்கிறோம். கூடையை வாங்கும் கையும் முகமும் தெரிகிற மாதிரி, பின்னால் பதாகையோடு ஒரு படம். முகநூலில் வருகிறது, சில சமயம் இதழிலும் வருகிறது. படம் எடுக்கலாமா என்று கேட்காமல் யாரும் எடுப்பதில்லை, அது உண்மை. ஆனால் கூடை இன்னும் நம் கையில் இருக்கும்போது கேட்கிறோம்.

எங்கள் வட்டாரக் கூட்டத்தில் போன வருஷம் இதைக் கேட்டேன். மூத்த அண்ணன் ஒருவர் சொன்ன பதிலை லேசாகத் தள்ள முடியாது. "தம்பி, இந்தக் கூடைக்குக் காசு குடுத்தவங்க ஆதாரம் கேப்பாங்க. படம் இல்லைன்னா அடுத்த வருஷம் கூடையே இல்லை. அப்புறம் யாருக்கு நஷ்டம்?" இருபது வருஷமாக நன்கொடை திரட்டுகிறவர் அவர், அனுபவத்தில் பேசினார். இன்னொரு அக்கா, "பிள்ளைங்க நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்ல, அங்க யாராவது இந்தப் படத்தைக் காட்டினா?" என்றார். ஒரு மணி நேரம் வாக்குவாதம். தே தாரிக் ஆறிப்போனது.

கடைசியில் ஒரு கட்டடத்தில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. முதலில் கூடையை உள்ளே வைத்துவிடுவது. உட்கார்ந்து கொஞ்சம் பேசுவது. கிளம்பும்போதுதான் படத்தைப் பற்றிக் கேட்பது, அதுவும் எங்கே போடுவோம் என்று சொல்லிவிட்டு. எடுத்தால் கைப்பேசியில் அவர்களுக்குக் காட்டிவிட்டு வைத்துக்கொள்வது. நன்கொடை கொடுத்தவர்களுக்கு ரசீதும், வீட்டு எண் இல்லாத ஒரு பட்டியலும்.

பதினோரு வீடு போனோம். ஓர் அம்மா பத்து நிமிஷம் எங்களைக் காக்க வைத்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து, மகனையும் மகளையும் இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். கூடை படத்தில் வரவே இல்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே, "இதை எப்படி ரிப்போர்ட்ல போடுறது?" என்றார். போட்டோம். நான்கு வீட்டில் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வீடுகளில் முந்தின வருஷங்களில் கேட்டபோது ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.